சல்வேத்தி பூசை: இரண்டாம் பதிப்பு

அந்தப் புஸ்தகக் கட்டைத் தொடாதீங்க சார். அது முதல் பதிப்பு. எடைக்குப் போடணும்னு கட்டி வச்சேன், கட்டினபடியே கெடக்கு. உங்களுக்கு வேண்டியது இந்தப் பச்சை அட்டை. திண்டுக்கல்லேருந்து பஸ்ஸுல இடிபட்டு வந்திருக்கீங்க, உங்க பாடற்குழுவுக்கு அந்தக் குப்பையைத் தூக்கிக் கொடுத்துவிட்டா இந்தக் கஸ்பார் கொரேராவைப் பத்தி என்ன நினைப்பாக?

இருங்க, இருங்க. டீ வரும். செலி, சாருக்கு ஒரு டீ. சீனி கம்மியாத்தானே? கம்மியா போடு.

முன்னுரை படிச்சீங்களா? படிக்கல. பரவாயில்ல சார், யாரும் படிக்கிறதில்ல. எங்க பங்குச் சாமியாருக்கு நானே கொண்டு போய்க் கொடுத்தேன், அதுமேல காப்பி டம்ளரை வச்சாரு. வட்டமா கறை. எனக்கு அதைப் பாக்கவே குமட்டுச்சு, திருப்பி வாங்கிட்டு வந்துட்டேன். சரி, படிக்காததை நானே சொல்லுதேன். இந்தச் சல்வேத்தி ஒரு இத்தாலிக்காரரு. முன்னூறு வருசத்துக்கு முந்தி ஏதோ ஒரு மடத்துக் கோயில்ல ஆர்கன் வாசிச்ச ஆளு. நாலு குரலுக்கு ஒரு பாட்டுப் பூசை எழுதி வச்சுட்டுச் செத்துப் போனாரு. அப்புறம் அதை யாரும் சீண்டல. செலிக்குச் சித்தி மகன் ஒருத்தரு ரோமாபுரியில படிக்கிற சாமியாரு, அவரு ஒரு நூலகத்துல இதைப் பாத்துட்டு, அத்தான் உங்களுக்குப் பிடிக்குமேன்னு பக்கம் பக்கமா போட்டோ எடுத்து அனுப்பினாரு.

பிடிச்சுது சார். பிடிச்சுதான்னு கேட்டா என்ன சொல்ல. நம்ம கோயில்கள்ல இப்ப நடக்குறது பாட்டா? கீபோர்டுல ஒரு பட்டனை அமுக்கினா தவில், இன்னொரு பட்டனை அமுக்கினா கல்யாண வீட்டு பேண்டு. நற்கருணை நன்மை வாங்க வரிசையில நிக்கிறவன் காலு தன்னால தாளம் போடுது. ஒரு பய, நம்ம கோயில்லதான், கீரியேக்குக் கைதட்டச் சொல்லுதான். ஆண்டவரே இரக்கமாயிரும்னு கேக்குறதுக்குக் கைதட்டா? எனக்கு அருவருப்பு சார் இதெல்லாம். நாக்குல ஏதோ ஒட்டிக்கிட்ட மாதிரி வீட்டுக்கு வந்து வாய் கொப்பளிப்பேன். அப்பதான் இது வந்துது. சுத்தமான ஒரு சாமான். நம்ம கையால இதை இன்னைக்குப் பாடுறவன் பாத்த உடனே பாடுற மாதிரி ஆக்கிக் கொடுக்கணும்னு உக்காந்தேன். ஆபீஸ்லேருந்து ஓய்வு பெத்து வேற வேலையும் இல்ல.

லேசுப்பட்ட வேலை இல்ல பாத்துக்கிடுங்க. அந்தக் காலத்துல எல்லாக் குரலையும் ஒரே தாள்ல எழுத மாட்டாக. பொம்பளைக் குரல்ல சொப்ரானோவுக்கு ஒரு பார்ட்டு, ஆல்ட்டோவுக்கு ஒண்ணு, ஆம்பிளைக் குரல்ல டெனருக்கு ஒண்ணு, அடிக்குரல் பேஸுக்கு ஒண்ணு. ஆர்கன்காரனுக்குத் தனி, வயலின்காரனுக்குத் தனி. யாரு எங்க யாரோட சேரணும்னு நாமதான் ஒண்ணுமேல ஒண்ணா அடுக்கிப் பாக்கணும். பக்கம் பூரா பூச்சி அரிச்ச ஓட்டை. கீரியேக்கு அடுத்த பாட்டு குளோரியால ஒரு இடத்துல பேஸ் விழுந்து விழுந்து இறங்குது, என்ன இது, மனுசன் தொண்டையா கிணறான்னு தலையைப் பிச்சுக்கிட்டேன். கடைசில பாத்தா அதுல பாதி நோட்டே இல்ல. பூச்சி போட்ட ஓட்டை. மத்தவனா இருந்தா ஓட்டையையும் சேத்து அச்சடிச்சிருப்பான். நான் அப்படி இல்ல. எது நோட்டு எது அழுக்குன்னு பாத்துப் பிரிக்கத் தெரிஞ்சவன்.

வயலின் பார்ட்டை மட்டும் நான் திறக்கல. எதுக்குத் திறக்க? நம்ம ஊர்ல பூசைக்கு வயலின் வாசிக்க ஆளு யாரு இருக்கா? இல்லாத ஊருக்கு வழி எதுக்குன்னு ஒதுக்கி வச்சுட்டேன்.

இப்ப அந்தக் கிறீஸ்தே பக்கத்தை எடுங்க. கீரியே முடிஞ்சதும் ஒத்தை சொப்ரானோ தனியா பாடுற இடம். ஆமா, அதுதான். நோட்டுக்கு மேல நெளிநெளியா புழு மாதிரி இருக்கு பாருங்க. நோட்டுக்கு முன்னால குட்டிக் குட்டியா ரெண்டு நோட்டு ஒட்டிக்கிட்டு நிக்கிது பாருங்க. பழைய தாள்ல இந்தத் தனிப்பாட்டு பூரா அதுதான் சார், ஈர மணல்ல நண்டு ஓடின மாதிரி. மத்த குரல் எதுலயும் கிடையாது. அப்ப நான் என்ன நினைப்பேன், நீங்களே சொல்லுங்க. பின்னால வந்த எவனோ ஒரு பாட்டுக்காரன் தன் வசதிக்குக் கிறுக்கி வச்சிருக்கான்னு நினைச்சேன். அம்புட்டையும் முதல் பதிப்புல எடுத்துட்டேன். ஒண்ணு விடாம. எடுத்து முடிச்சுக் கம்ப்யூட்டர் திரையில பாத்தா, கழுவித் துடைச்ச தரை மாதிரி இருந்துது.

தனிப்பாட்டு எப்பவும் எங்க வீட்டம்மாதான் சார். இந்தா டீ கொண்டு வாராளே, இவதான். வை, வை, அந்தப் பக்கமா வை, தாள்ல சிந்தாம. அவ பேர் செலஸ்தீனா, ஊரே செலின்னுதான் கூப்பிடும். எங்க கல்யாணமே அப்படி நடந்ததுதான். நான் ஆர்கன்ல உக்காந்திருந்தேன், முகத்தைப் பாக்கல, முதுகுக்குப் பின்னால குரல் கேட்டுது, மறுநாளே பொண்ணு கேட்டு ஆள் விட்டேன். எங்க அம்மா கூட கேட்டாக, ஏலே, பொண்ணு கறுப்பா சிவப்பான்னு பாத்தியான்னு. நான் பாக்கலன்னேன். வீட்ல எந்நேரமும் பாட்டுதான். மாவாட்டும்போது, துணி உலத்தும்போது, மீன் உரசும்போது. பக்கத்து வீட்டுல டிவியைக் குறைச்சு வைப்பாக.

போயிட்டாளா? சரி.

ஆனா ஒரு கெட்ட பழக்கம் சார். ஒரு நோட்டுக்குப் போகணும்னா நேரா போக மாட்டா. கீழ ரெண்டு படி தள்ளி நின்னு வழுக்கிக்கிட்டு ஏறுவா. முடிவுல கொண்டு போய் நிறுத்தாம ஒரு நடுக்கம் கொடுப்பா. மாதா பாட்டுக்கு அது எடுபடும். தேர் சுத்தி வரும்போது செலி பாடினா பொம்பளைக அழுவாக, ஆம்பிளைக மூக்கைச் சிந்துவாக. அழட்டும். ஆனா சல்வேத்திக்கு அது ஆகுமா? நானே ராப்பகலா இருந்து அந்தத் தாளைக் கழுவி வச்சிருக்கேன், இவ வந்து அதே அழுக்கை வாயால அப்புதா. இப்படி வேண்டாம்னு சொன்னேன். சரிங்கன்னு சொல்லிட்டு அதையே பாடுதா. ஒவ்வொரு நோட்டா அமுக்கிக் காட்டினேன். இதோ இது, அடுத்தது இது, நடுவுல ஒண்ணும் கிடையாது. தலையை ஆட்டுதா, பாடுதா, வழுக்குதா. வேணும்னு செய்யல, அது எனக்குத் தெரியும், அவ தொண்டை அப்படி. ஆனா எனக்கு உடம்பு கூசும் சார். சுவத்துல பல்லி ஊர்ற மாதிரி.

ஒருநாள் கோயில் மாடியில பாடிப் பழகும்போது, எல்லாரும் இருக்க, சொல்லிட்டேன். செலி, மூக்குச் சளி ஒழுகுற மாதிரி இருக்கு, துடைச்சுட்டுப் பாடுன்னேன்.

அதுல தப்பு என்ன இருக்கு? வாத்தியாரு சொல்லாம வேற யாரு சொல்லுவா? பெண்டாட்டின்னு பாத்து விட்டா மத்தவுக என்னை மதிப்பாகளா? டெனர்ல நிக்கிற பயலுக ரெண்டு பேரு சிரிச்சானுக, அவனுகளையும் முறைச்சேன். நான் யாருக்கும் ஓரவஞ்சனை பண்ணல. அவ அந்தத் தாளை நாலா மடிச்சு ஆர்கன் மேல வச்சா. சரிங்கன்னா. மாடிப்படி இறங்கி, சாமியாரு பிரசங்கம் வைக்கிற மேடைக்குக் கீழ ஜெபமாலை சொல்லிக்கிட்டிருந்த பொம்பளைகளோட போய் உக்காந்துக்கிட்டா. புரிஞ்சுக்கிட்டான்னு நினைச்சேன். சந்தோசமாக் கூட இருந்துது.

அந்த இடத்துக்கு ஜெனிட்டான்னு ஒரு பிள்ளையைப் போட்டேன். இன்ஜினியரிங் படிக்குது. நேரா போவும், நேரா நிக்கும், நிறுத்துன்னா நிறுத்தும். ஸ்கேல் வச்சுக் கோடு போட்ட மாதிரி. இதைத்தான் இத்தனை நாளாக் கேட்டேன்னு மனசு ஆறிச்சு. அந்த ஜோருல முதல் பதிப்பையும் அச்சுக்குக் கொடுத்து முடிச்சேன். அந்தக் கட்டுதான்.

எங்க கோயில் திருவிழாப் பூசையில இதைப் பாடுறதா இருந்தோம். அதுக்கு முந்தின வாரம் பங்குச் சாமியாரு ஒரு ஆளைக் கூட்டிட்டு வந்தாரு. கோவாக்காரரு, திமெல்லோன்னு பேரு. வயசானவரு, வயலின் வச்சு வச்சுத் தாடைக்குக் கீழ தழும்பு காய்ச்சுப் போயிருக்கு. இந்த மாதிரிப் பூசைகளைப் பாட வைக்கிறதே அவரு வேலையாம். என் பதிப்பைப் புரட்டினாரு. ரொம்ப நல்லா பண்ணியிருக்கீங்கன்னு இங்கிலீசுல சொன்னாரு, அந்தக் குளோரியா பூச்சி ஓட்டையைச் சொன்னேன், சிரிச்சாரு. எல்லாம் நல்லாத்தான் போயிக்கிட்டிருந்துது. அப்புறம் கேட்டாரு, வயலின் பார்ட் எங்க, இந்தக் கிறீஸ்தேக்கு ஒரு வயலின் இருந்தாகணுமேன்னு. இருக்கு, போடலைன்னேன். காட்டுங்கன்னாரு. போன்ல இருந்த போட்டோவைக் கொடுத்தேன். ஜன்னல் பக்கமாப் போயி, ரெண்டு விரலால பெருசு பண்ணிப் பெருசு பண்ணிப் பாத்தாரு. வந்து பெட்டியைத் திறந்து வயலினை எடுத்து வாசிச்சாரு.

அந்தப் பாட்டு எப்படின்னா சார், முதல்ல வயலின் ஒரு அடி வாசிக்கும், அதே அடியைப் பெண் குரல் திருப்பிப் பாடும். கேள்வி மாதிரி, பதில் மாதிரி. வயலினைத் திறந்து பாக்காதவனுக்கு அது எப்படித் தெரியும்?

வாசிச்சாரு. வயலின் கீழ ரெண்டு படி தள்ளி நின்னு வழுக்கிக்கிட்டு ஏறிச்சு. முடிவுல நடுங்கிச்சு. ஆல்ட்டோவுல அருளின்னு ஒரு அக்கா, வாயை வச்சுக்கிட்டு சும்மா இருக்கத் தெரியாது. ஏ, இது நம்ம செலி பாடுற மாதிரியில்லா இருக்குன்னா.

திமெல்லோ போனை என் முன்னால நீட்டினாரு. வயலின் தாள்லயும் அதே புழு, அதே நண்டு, அதே இடத்துல. ரெண்டு தாள்லயும் மசி ஒண்ணு, கையெழுத்து ஒண்ணு, இது எவனோ கிறுக்கினது இல்ல, எழுதினவரே போட்டதுன்னாரு. வழுக்கி ஏறுறதுக்கு அந்தக் குட்டி நோட்டு, நடுங்குறதுக்கு அந்த நெளிசல். தனிப்பாட்டுக்கு மட்டும்தான் போடுவாகளாம். மாஸ்டர், நீங்க மீனைச் சாப்பிட்டுட்டு முள்ளை அச்சடிச்சிருக்கீங்கன்னு சிரிச்சுக்கிட்டே சொன்னாரு. அப்புறம் அருளி பக்கம் திரும்பி, யாரு அந்தச் செலின்னு கேட்டாரு.

எனக்கு அப்ப உள்ளுக்குள்ள என்ன வந்துதுன்னு உங்ககிட்ட சொல்லுதேன். வெக்கம்னு நினைப்பீங்க. இல்ல. அருவருப்பு. முன்னூறு வருசத்துக்கு முந்தின பெரிய மனுசன், மடத்துல பூசைக்கு எழுதினவன், அவனுக்கும் இந்தச் சளிப் புத்தியா? கடல் தாண்டி வந்திருக்கே, சுத்தமா இருக்கும்னு நம்பினேன் சார். அவன் என்னை ஏமாத்திட்டான். அவன் பேரைச் சொல்லவே கொஞ்ச நாளைக்கு எனக்கு வாய் வரல.

சாமியாரும் அருளி அக்காவும் அந்தத் திமெல்லோவும் நேரா இங்கதான் வந்தாக. நான் கூட வந்தேன், ஆனா வாசல்லயே நின்னுக்கிட்டேன். செலி பின்கட்டுல சீலா மீன் வெட்டிக்கிட்டிருந்தா. சாமியாரு விசயத்தைச் சொன்னாரு. திருவிழாப் பூசைக்கு நீதாம்மா வந்து பாடணும், எழுதினவரே உன் குரலுக்கு எழுதின மாதிரி இருக்குன்னாரு. அவ கையைக் கழுவிட்டு வந்து எல்லாருக்கும் நாற்காலி எடுத்துப் போட்டா. வாழைப்பழம் வச்சா. அப்புறம் சொல்லுதா, "சாமி, இவுக அரும்பாடுபட்டு அந்தப் பாட்டைச் சுத்தம் பண்ணி வச்சிருக்காக. நான் வந்து மறுபடி அழுக்குப் பண்ணினா நல்லா இருக்காது."

சிரிச்ச முகமாச் சொல்லுதா. சாமியாரு பழத்தைத் தின்னுட்டுப் போனாரு. திமிரு பாத்தீங்களா. ஆயிரம் தடவை பூசையில பாடினவ, கோயில் கூப்பிடுது, வெளியூர் மனுசன் வாசல் தேடி வந்து நிக்கான், இவளுக்கு ரோசம். நான் என்ன அடிச்சேனா வைதேனா? ஒரு வார்த்தை. பாட்டு சம்பந்தமா ஒரு வார்த்தை.

திருவிழாவுல ஜெனிட்டாதான் பாடிச்சு. திமெல்லோ வயலின் வாசிச்சாரு. அவரு ஒரு அடி நெளிச்சு, இழுத்து, நடுங்கி வாசிப்பாரு, இந்தப் பிள்ளை அதுக்குப் பதிலா நேரா ஒரு அடி பாடும். அவரு பாட்டா கேக்காரு, இது கணக்குப் பாடமா பதில் சொல்லுது. கேக்க சகிக்கல. நான் பண்ணின வேலைதான், நான் போட்ட பிள்ளைதான், ஆனா காதுல ஈயத்தைக் காய்ச்சி ஊத்தின மாதிரி இருந்துது. ஆர்கன்லேருந்து எட்டிப் பாத்தேன், கீழ மூணாவது வரிசையில செலி நிக்கா. மத்த பொம்பளைக உதடாவது அசையும். அவ உதடு அசையல.

அதுக்கப்புறம்தான் இந்த இரண்டாம் பதிப்பு. எடுத்ததை எல்லாம் திரும்பப் போட்டேன் சார். ஒவ்வொரு புழுவையும் என் கையாலயே எடுத்து எடுத்து வச்சேன், பல்லைக் கடிச்சுக்கிட்டு. முன்னுரையில எழுதியிருக்கேன் பாருங்க: மூலத்திலுள்ள அலங்காரக் குறிகள் யாவும் பதிப்பாசிரியரின் தீவிர ஆய்வுக்குப் பின் இப்பதிப்பில் சேர்க்கப்பட்டுள்ளன. உண்மைதானே? திமெல்லோ பேரையும் போட்டிருக்கேன், கீழ. செலி பேரா? அது இல்லாமலா. நன்றிங்கிற இடத்துல கடைசி வரி, பொறுமை காத்த என் துணைவியார்க்குன்னு. அச்சுக்குப் போறதுக்கு முந்தி வாசிச்சுக் காட்டினேன். பொறுமையான்னு கேட்டுட்டு, உப்பு வாங்கணும்னு கடைக்குப் போயிட்டா.

கோவமா இருக்காளான்னு கேக்குறீங்களா? கோவமே இல்ல சார், அதுதான் வயித்தெரிச்சல். நேரத்துக்குச் சோறு, நேரத்துக்கு மாத்திரை. பேசுவா, சிரிப்பா, எங்க அக்கா வீட்டு விசேசத்துக்கு வந்து எல்லா வேலையும் செய்வா. பாட்டு மட்டும் கிடையாது. மாவாட்டும்போது கிடையாது, துணி உலத்தும்போது கிடையாது. சும்மா தண்ணி குடிக்கிற மாதிரி அடுக்களைப் பக்கம் போயி நின்னு பாப்பேன். பாத்திரம் கழுவுற சத்தம் கூட நேரா இருக்கு சார். பக்கத்து வீட்டுக்காரன் டிவியை முழுசாத் திறந்து விட்டிருக்கான் இப்ப. அந்தச் சீரியல் அழுகை காலைலேருந்து என் காதுல ஊத்துது. இந்த வீட்ல இருக்கவே வெறுத்துப் போகுது எனக்கு.

என்ன கேட்டீங்க? இந்தக் குறியா? ஆமா, அதைக் கேக்கத்தான் செய்வீங்க. உங்க பிள்ளைகளுக்கு அதைப் பாடிக் காட்டாம புரியாதுதான். தாளைப் பாத்து வராது அது. எங்கேருந்து கிளம்பணும், எம்புட்டு வழுக்கணும், எங்க போய் நிக்கணும், அது எழுத்துல இல்ல. முன்னுரையிலயும் நான் சொல்லல. சொல்ல எனக்குத் தெரியல.

இருங்க, அவளையே கேப்போம். வெளியாளு கேட்டா செய்வா. செலி. ஏ செலி, கொஞ்சம் வாயேன். சாரு திண்டுக்கல்லேருந்து வந்திருக்காரு. அந்தக் கிறீஸ்தே, முதல் அடி மட்டும். பாடக்கூட வேண்டாம், சும்மா முனகிக் காட்டு. அந்த ஏறுற இடம் சாருக்குத் தெரியணுமாம்.

என்ன?

கேட்டீங்கள்லா சார். கேட்டீங்கள்லா என்ன சொன்னான்னு. ஜெனிட்டா வீடு பக்கத்துத் தெருதான், ஆள் விட்டுக் கூப்பிடட்டுமாங்கிறா. எம்புட்டு மரியாதையாச் சொல்லுதா பாருங்க. டம்ளரை எடுத்துட்டுப் போறா பாருங்க, ஒண்ணுமே நடக்காத மாதிரி.

வேண்டாம் சார், நீங்க கூப்பிடாதீங்க. வரமாட்டா. நான் காட்டுதேன், இருங்க. இத்தனை வருசம் கேட்டவன், எனக்கு வராதா? கீழ இந்த நோட்டு. இங்கேருந்து எடுத்து… கிறீ… இல்ல. இது படி ஏறுறது, வழுக்குறது இல்ல. கிறீ… கிறீஸ்… சே. எனக்கு இடறுது சார். ஒவ்வொரு நோட்டும் தனித்தனியா விழுது. இன்னொரு தடவை பாக்கேன். அவ கண்ணை மூடிக்கிட்டுத் தலையை இப்படி லேசாச் சாய்ப்பா, அது ஞாபகம் இருக்கு.

ஒரு உபகாரம் சார். எந்திரிச்சுப் போயி அந்த அடுக்களைக் கதவைக் கொஞ்சம் சாத்திட்டு வாங்க. நான் பாடுறது அவ காதுல விழவேண்டாம்.